தூங்கியதற்கு ஒரு சீட்டு

இமோஜீன் ராட்டரின் சந்தேகத்தை யாராவது மூட்டை கட்டி எடை போட்டிருந்தால், பெல்டன் ஃபெரி நகரத்து ஆற்றுப்பாலம் அதைத் தாங்கியிருக்காது. பக்கத்தில் ஒரு புறா வந்து உட்கார்ந்தால், இதை யார் அனுப்பினார்கள் என்று பார்ப்பாள். பனி பெய்தால், இவ்வளவு வெள்ளையாகப் பெய்ய என்ன அவசியம் என்பாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று தேவாலயத்தில் கொடுத்த பழக் கேக்கைப் பதினாறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு திராட்சையையும் விசாரித்த பிறகுதான் வாயில் போட்டாள்.

பிறக்கும்போதே அப்படி இல்லை. இருபத்தாறு வருடம் ஆற்றங்கரை ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள் அவள். ஊருக்கு வந்த கல்யாணக் கோஷ்டி, கப்பல் வியாபாரி, ஓடிவந்த காதலர்கள் எல்லோரும் அவள் தேய்த்த விரிப்பில்தான் தூங்கினார்கள். ஓட்டலை மூடினார்கள். வாடகை மாடிப்படி ஏறுவதுபோல ஏறியது. அறுபத்திரண்டாம் வயதில் ஒரு தோள்பையோடு தெருவுக்கு வந்தபோது, ஊர் அவளுக்கு முதல் பாடத்தை நடத்தியது: இனி நீ எங்கே தூங்குகிறாய் என்று கேட்கிற எவனுக்கும் உண்மை சொல்லாதே.

பாடம் நடத்திய வாத்தியார் நகரசபை. ஆற்றங்கரைப் பூங்காவில் கூடாரங்கள் பெருகிவிட்டன என்று ஒரு சட்டம் போட்டார்கள். நகரத்துக்குச் சொந்தமான இடத்தில் போர்வை, தலையணை, மெத்தைப்பை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுடன் தூங்கினால் குற்றம். சட்டத்துக்குக் கைதூக்கிய அதே உறுப்பினர்கள், அதே மாதம், ஏழைகளுக்குப் போர்வை சேகரிக்கும் விழாவையும் தொடங்கி வைத்து வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். கொடுத்த போர்வையே மறுநாள் சாட்சியாக வந்து நின்றது. போலீஸ் எழுதிக் கொடுக்கும் குற்றச் சீட்டு, அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று என இமோஜீனுக்கு இரண்டு கிடைத்தன. மூன்றாவது விழுந்தால் பதினைந்து நாள் காவல்.

இரண்டாவது சீட்டு வாங்கிய அன்றே போர்வையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கோட்டுகளை மாட்டிக்கொண்டாள். கோட்டு போட்டிருப்பவள் எங்கேயோ போகிறவள். போர்வை போர்த்தியிருப்பவள் குற்றவாளி. ஊரில் வீடில்லாதவர்கள் எல்லோருமே அந்தக் குளிர்காலத்தில் உருண்டையாக நடந்ததற்குக் காரணம் இதுதான். பூங்காவின் இசை மண்டபத்துக்கு அடியில், படிக்கட்டின் பின்பக்கம் ஒரு பலகை ஆடும். அதற்குள்ளேதான் அவள் படுப்பாள். அந்தப் பலகையைப் பற்றி அவள் தன் நிழலிடம்கூடச் சொன்னதில்லை.

பதினைந்து நாள் உள்ளே இருக்க அவள் பயப்படவில்லை. உள்ளே சூடு இருக்கும், சூப்பும் கிடைக்கும். பயம் வேறு. பழைய தகரடப்பா ஆலையை வயதானவர்களுக்கான அறைகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வீடில்லாதவர்களுக்கு மட்டும். இமோஜீன் இரண்டரை வருடமாக அந்தப் பட்டியலில் இருந்தாள். கடிதம் வந்தால், அதில் போட்ட தேதியிலிருந்து ஏழு நாளைக்குள் நேரில் போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் அறை அடுத்த ஆளுக்கு. கடிதம் வருகிற நேரத்தில் தான் கம்பிக்குப் பின்னால் இருந்துவிட்டால்? உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவுக்காக அவள் இந்த உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படத் தயாராக இருந்தாள்.

ஜனவரிக் கடைசியில் எண்ணுகிற நாள் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று தன்னார்வலர்கள் தலை எண்ணுவார்கள். போன வருடம் எண்ணினார்கள், இரண்டே நாளில் வண்டி கொண்டுவந்து கூடாரங்களை அள்ளினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நகரசபை சொன்னது. இமோஜீன் அதை நம்பிய அளவுக்குப் புறாவையும் நம்பியிருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு இலவசச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் எதிரே ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். எழுபதை ஒட்டிய வயது, கையில் அட்டையும் பேனாவும், காலில் புத்தம்புது பூட்ஸ். அந்த பூட்ஸில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. இமோஜீன் முகத்தைப் பார்க்கவே இல்லை, பூட்ஸைத்தான் பார்த்தாள்.

"என் பேரு ஃபிலிஸ் ஹாக். பியானோ டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? பதில் சொன்னா ஒரு ஜோடி சாக்ஸ் தர்றோம்."

"எதுக்கு?"

"குளிருதேன்னுதான்."

"பதில் சொல்லலைன்னா குளிராதா?"

இதற்கு ஃபிலிஸுக்குப் பயிற்சி வகுப்பில் விடை சொல்லித்தரவில்லை. அவள் விழித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ஆர்லோ பீசன் எட்டிப் பார்த்தான். ஒருகாலத்தில் லாரி ஓட்டியவன், இமோஜீனை மகாராணி என்று கூப்பிட்டே பழகியவன்.

"வாங்கிக்க மகாராணி. நல்ல கம்பளி சாக்ஸ். நான் மூணு பேர்ல மூணு தடவை பதில் சொல்லி மூணு ஜோடி வாங்கிட்டேன்."

"உன்னை மூணு தடவை பிடிச்சுட்டுப் போவாங்க, அப்பத் தெரியும்," என்றாள் இமோஜீன்.

"உங்க பேரு?" என்றாள் ஃபிலிஸ்.

"மேரி."

"இமோஜீன் ராட்டர்! உன் சூப்பு ஆறிப் பச்சத்தண்ணியாச்சு!" என்று சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் கூரையைத் தூக்கியது.

ஃபிலிஸ் தலையைக் குனிந்தபடி, மரியாதையாக, மேரியை அடித்துவிட்டு இமோஜீன் ராட்டர் என்று எழுதினாள். பிறகு அச்சடித்திருந்த கேள்வியைப் படித்தாள்.

"நேத்து ராத்திரி எங்க தூங்கினீங்க?"

இமோஜீனுக்கு முதுகு நிமிர்ந்தது. அக்டோபரில் போலீஸ்காரர் கேட்டதும் இதே கேள்வி. சொல்கூட மாறவில்லை. பூட்ஸ் வேறு புதுசு.

"எங்க அக்கா வீட்டுல," என்றாள்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பாதிப் பொய்யை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவள் கொள்கை. ஆகவே இல்லாத அக்காவுக்குக் குன்றுத் தெருவில் ஏழு படுக்கையறை வீடு ஒன்றைக் கட்டிக்கொடுத்தாள். தனக்கென்று ஆற்றைப் பார்த்த அறை, வாத்து இறகு மெத்தை. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லும் கிளி. அந்தக் கிளி புரட்டாஸ்டண்ட் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்று ஃபிலிஸ் மனசார எழுதிக்கொண்டாள். சாக்ஸை நீட்டினாள். இமோஜீன் இரண்டையும் உள்புறமாகத் திருப்பிப் பார்த்து, தையலை விரலால் தடவி, ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை என்று தெரிந்த பிறகு கோட்டுப் பையில் போட்டாள். அந்த வருடக் கணக்கில் ஆர்லோ மூன்று பேர். இமோஜீன் யாருமே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டுக்கூடத்து விலாசத்துக்குக் கடிதம் வந்தது. தகரடப்பா ஆலை, மூன்றாம் மாடி, ஆற்றைப் பார்த்த அறை. வெள்ளிக்கிழமைக்குள் வரவும்.

ஒரு மணி நேரம் அந்தக் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு இமோஜீன் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் லடோனா என்ற பெண், கணினியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"மேடம், இந்த அறை வீடில்லாதவங்களுக்கு. உங்களுக்குத்தான் ஏழு படுக்கையறை வீட்டுல இடம் இருக்குன்னு எண்ணிக்கைப் படிவத்துல இருக்கே."

"அது பொய்."

"எது?"

"வீடு, அக்கா, எல்லாம்."

"கிளி?"

"கிளியும்தான்."

லடோனா நாற்காலியில் சாய்ந்தாள். அவளும் அந்த நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்து சந்தேகப்படப் பழகியவள். "இங்க வர்றவங்க வீடு இருந்தாலும் இல்லன்னு சொல்வாங்க. இல்லாததை இருக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். ஏன் சொன்னீங்க?"

"வெளிய தூங்கினேன்னு சொன்னா உள்ள போடுறாங்க. சொல்லலைன்னா வெளிய நிறுத்துறீங்க. நான் என்னதாம்மா சொல்றது?"

அதற்கு லடோனாவிடம் படிவம் இல்லை. இருந்த படிவத்தை எடுத்துக் காட்டினாள். கடந்த ஏழு நாளைக்குள் வெளியே தூங்கியதற்கு ஆதாரம் வேண்டும். இரவு விடுதியின் கடிதம், அல்லது காவல்துறையின் சீட்டு. விடுதியில் பெண்களுக்கு இருந்த பன்னிரண்டு கட்டில்களும் நிரம்பி, பதின்மூன்றாவது ஆளாக வாசலில் நின்றவளுக்கு யாரும் கடிதம் எழுதித் தருவதில்லை. இமோஜீன் கோட்டுகளைத் திறந்து திறந்து, நான்காவது கோட்டின் உள்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து வைத்தாள். ஊரில் யாருக்கும் காட்டாமல் மறைத்துவைத்திருந்த அவமானம் அது.

"நவம்பர்," என்றாள் லடோனா வருத்தத்தோடு. "பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு இருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டுடுவேன்."

ஆக, அறை வேண்டுமானால் மூன்றாவது சீட்டு வேண்டும். மூன்றாவது சீட்டு வாங்கினால் பதினைந்து நாள். இது எவனோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட முடிச்சு என்று இமோஜீனுக்கு ஐயமே இல்லை. அலுவலகப் படியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எடைபோட்டாள். சாவி முதலில், வழக்கு அப்புறம். வழக்கு நடக்க நாளாகும் என்பது அக்டோபரிலேயே தெரிந்த விஷயம்.

செய்தி சாப்பாட்டுக்கூடத்தில் பரவ, ஃபிலிஸ் ஹாக் அழாத குறையாக ஓடிவந்தாள். "நான் போய்த் திருத்தச் சொன்னேன். அனுப்பின படிவத்தைத் திறக்க முடியாதாம். நான் சாட்சிக் கையெழுத்து போடறேன்னேன், தன்னார்வலர் கையெழுத்து செல்லாதாம். நான் வேற என்னதான் செய்யட்டும், சொல்லுங்க."

"உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்றாள் இமோஜீன்.

"தப்பா எழுதினது என் கைங்க."

"தப்பா சொன்னது என் வாய். நீங்க ஏன் ஓடறீங்க?"

"பக்கத்துல ஒருத்தி குளிர்ல கிடக்கறது தெரிஞ்சும் நான் எப்படிங்க வீட்டுல போய்க் காப்பி குடிக்கறது?"

இமோஜீன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பூட்ஸில் இப்போது சேறு ஒட்டியிருந்தது. பூட்ஸ் கொஞ்சம் தேறிவிட்டது என்று முடிவு கட்டினாள். "வீட்டுல போர்வை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை மதியம் வெயில் அடித்தது. இசை மண்டபத்துக்கு எதிரே, ஊரே பார்க்கிற புல்வெளியில், ஃபிலிஸின் அம்மா தைத்த ஒட்டுத்துணிப் போர்வை விரிந்தது. இமோஜீன் அதன்மேல் ராணுவத் தளபதிபோல உட்கார்ந்தாள். ஒருபக்கம் ஆர்லோ, மறுபக்கம் ஃபிலிஸ். வழக்கமான நேரத்துக்கு போலீஸ்காரர் டுகன் நடந்துவந்தார். முதலிரண்டு சீட்டுகளையும் எழுதியவர் அவர்தான்.

"ஆபீசர், எனக்கு ஒரு சீட்டு எழுதுங்க," என்றாள் இமோஜீன்.

டுகன் நின்றார். மரத்தின் மேலே பார்த்தார். மண்டபத்தின் கூரையைப் பார்த்தார். "கேமரா எங்க வெச்சிருக்கீங்க?"

"என்ன கேமரா?"

"ரெண்டு வருஷமா என்னைக் கண்டா பாலத்துக்கு அடியில பூந்து ஓடினவங்க நீங்க. இன்னிக்குக் கூப்பிட்டுச் சீட்டு கேக்கறீங்க. எந்த வக்கீல் அனுப்பினாரு?"

"சந்தேகப்படறது என் வேலை. நீங்க உங்க வேலையைப் பாருங்க. போர்வை இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதுமேல முட்டை சாண்ட்விச்சும் இருக்கு." டுகன் குனிந்து பார்த்தார். ஃபிலிஸ் எல்லோருக்கும் பசிக்குமே என்று நல்லெண்ணத்தோடு ஒரு கூடை நிறைய கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "பகல்ல போர்வை விரிச்சு சாண்ட்விச் தின்னா அதுக்குப் பேரு பிக்னிக், மேடம். கோடைக்காலத்துல மேயரே இங்கதான் விரிச்சு உக்காருவாரு. தூங்கினாத்தான் குற்றம்."

ஆர்லோ உடனடியாக ஆதாரத்தை அழிக்கும் பணியில் இறங்கி இரண்டு சாண்ட்விச்சை ஒரே வாயில் போட்டான். இமோஜீன் படுத்தாள். கண்ணை மூடினாள். ஆற்றில் போகிற படகுக்காரன் கரை ஒதுங்குகிற அளவுக்குக் குறட்டை விட்டாள்.

"நடிப்பு," என்றார் டுகன். "இமைக்குள்ள முழி உருளுது. என் பூட்ஸைப் பாக்கறீங்க. நான் பொய்ச்சீட்டு எழுதினா என் வேலை போயிடும். நிஜமா தூங்குங்க, எழுதறேன்."

நிஜமாகத் தூங்குவது! இமோஜீன் இரண்டரை வருடமாக இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மூடியதில்லை. ஒன்று தூங்கும்போது ஒன்று பையைப் பார்த்துக்கொள்ளும் என்று ஆர்லோ ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அந்தப் பையில்தான் பிறப்புச் சான்றிதழ், அறைக் கடிதம், செத்துப்போன புருஷனின் கண்ணாடி. பையைப் பறிகொடுத்தால் அவள் இமோஜீன் என்பதற்கே சாட்சியில்லை.

"பையை நான் பாத்துக்கறேன், மகாராணி," என்றான் ஆர்லோ.

"உன்னை யாரு பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன்," என்றாள் ஃபிலிஸ்.

"உங்களை?"

அதற்குமேல் ஆள் இல்லை. டுகன் தோளைக் குலுக்கிவிட்டு நடந்துபோனார். இமோஜீன் பையின் வாரை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தாள். போர்வையின் ஒரு பாதி அடியில், ஒரு பாதி மேலே. இருபத்தாறு வருடம் ஊராருக்காகத் தேய்த்த விரிப்புகளின் வாசனை அதில் இருந்தது. வெயில் கன்னத்தில் விழுந்தது. காலில் அந்தக் கம்பளி சாக்ஸ். இதில் மயக்கமருந்து தடவியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெயில் மண்டபத்தின் மறுபக்கம் போயிருந்தது. ஆர்லோவைக் காணவில்லை. ஃபிலிஸையும் காணவில்லை. ஒருத்தன் காப்பி தேடியும், ஒருத்தி தேவாலயத்தில் பியானோ வாசிக்கவும் போனது பிற்பாடுதான் தெரிந்தது. கூடையும் காலி. இமோஜீன் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சான்றிதழ் இருந்தது, கடிதம் இருந்தது, கண்ணாடி இருந்தது. ஒன்றும் குறையவில்லை என்பதே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. அப்புறம்தான் சாக்ஸின் விளிம்பில் செருகியிருந்த தாளைப் பார்த்தாள்.

இசை மண்டபம் எதிரில். வியாழன், மதியம் ஒன்று நாற்பது. போர்வையுடன் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்த நிலையில்.

மறுநாள் காலை லடோனா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். "வாய் திறந்த நிலையில்," என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தாள். இமோஜீன் சாவியைக் கடித்துப் பார்த்தாள்.

வழக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. கூண்டில் நின்றவளிடம் நீதிபதி அம்மாள் விலாசம் கேட்டாள். இமோஜீன் தகரடப்பா ஆலை, மூன்றாம் மாடி என்றாள்.

"வீடு இருக்கறவங்க எதுக்கும்மா புல்வெளியில தூங்கினீங்க?"

"அங்க தூங்கினதாலதான் யுவர் ஆனர் வீடு கிடைச்சுது."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சாட்சி சொல்ல டுகனை அழைத்தாள். அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "நிஜமாத்தான் தூங்கினாங்க. நான் ரெண்டு மணி நேரம் பாத்தேன்."

"ஒரு சீட்டு எழுத எதுக்கு ரெண்டு மணி நேரம்?"

"சீட்டு ஒரு நிமிஷத்துல எழுதிட்டேன், யுவர் ஆனர். கூட இருந்தவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. பை தனியா இருந்துது. அவங்க அசையற மாதிரி தெரிஞ்சதும்தான் கிளம்பினேன்."

இமோஜீன் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

நீதிபதி சட்டப்புத்தகத்தைப் புரட்டினாள். மூன்றாவது சீட்டுக்குப் பதினைந்து நாள் காவல் என்று இருந்தது. குறைக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. எந்த இடத்தில் காவல் என்று மட்டும் சட்டம் போட்டவர்கள் எழுத மறந்திருந்தார்கள். "பதினைந்து நாள் வீட்டுக்காவல்," என்றாள். "ராத்திரி உங்க அறையிலதான் தூங்கணும். சாயங்காலம் ஆபீசர் டுகன் வந்து நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போவாரு. புரியுதா?"

"புரியுது யுவர் ஆனர். பதினாறாவது நாளு?"

"பதினாறாவது நாளும் அது உங்க வீடுதாம்மா."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தாள்.

பதினைந்து சாயங்காலமும் ஆறு மணிக்கு டுகன் கதவைத் தட்டினார். சங்கிலி போட்ட இடுக்கு வழியாக ஒரு கண் அவரைப் பார்த்தது. ஐந்தாம் நாள் கண்ணோடு ஒரு கோப்பைக் காப்பியும் வந்தது. அதற்கு இடமாகச் சங்கிலியை ஒருமுறை கழற்றி, உடனே மாட்டிக்கொண்டாள். அறையில் கட்டில் இருந்தும் இமோஜீன் நான்கு கோட்டோடுதான் படுத்தாள். ஃபிலிஸ் விட்டுப்போன போர்வை மடித்தபடி நாற்காலியில் கிடந்தது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

பதினாறாம் நாள் ஆறு மணிக்கு யாரும் தட்டவில்லை. ஆறேகாலுக்குக் கதவைத் திறந்து நடையின் இரண்டு முனையையும் பார்த்தாள். ஏன் வரவில்லை, என்ன திட்டம் என்று சற்று நேரம் நின்றாள். உள்ளே வந்து பூட்டினாள். நீதிபதி எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் குத்தினாள். நூலகத்திலிருந்து வாங்கிவந்திருந்த நகரசபைச் சட்டத்தின் நகலை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில், நகரத்துக்குச் சொந்தமான இடம் என்பதில் மூன்றாம் மாடி அறைகள் எதுவும் சேருமா என்று ஒரு வரி விடாமல் படித்தாள். சேரவில்லை. மறுபடியும் படித்தாள். சேரவில்லை.

பிறகு கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் மாட்டினாள். போர்வையை உதறி, நான்கு மூலையையும் இழுத்து, இஸ்திரி போட்டதுபோலக் கட்டிலில் விரித்தாள்.